பதின்மூன்று லிட்டர் மெத்தை

கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்திலிருந்து இறங்கினால் ஒருபுறம் குளுகுளு கடைத்தொகுதி, மறுபுறம் வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளக் கடைகள். மெத்தை வாங்கக் கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. முதலில் உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். பிறகு ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். யாராவது ஒருவர் கூச்சத்தை விட்டு, செருப்புக் கால்களை வெளியே நீட்டியபடி ஒரு நிமிடம் மல்லாந்து படுப்பார். "பத்து வருஷம் வாரண்டி" என்பார் விற்பனையாளர். பில் போட்டாகிவிடும்.

குழப்பம் வீட்டுக்கு வந்தபின் தொடங்குகிறது. கடையில் கெட்டியாகத் தாங்கிய அதே மெத்தை வீட்டில் ஆளை உள்ளே இழுக்கிறது. இரண்டு ஆண்டு போனால் இடுப்பு படும் இடத்தில் பள்ளம். வாரண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஸ்பிரிங் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. பள்ளமும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

தராசில் ஒரு மெத்தை

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாலறை வீட்டுத் தம்பதி ஒன்று குவீன் அளவு ஃபோம் மெத்தை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் குவீன் என்றால் 152 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம். தடிமன் 20 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் 577 லிட்டர் சொச்சம் வரும். மெத்தையின் எடை 18 கிலோ. மேலுறைக்கு 2 கிலோ கழித்தால் ஃபோம் மட்டும் 16 கிலோ.

அந்த ஃபோம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. துளையே இல்லாத கெட்டிப் பாலியூரித்தேன் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.2 கிலோ எடையிருக்கும். அப்படியானால் 16 கிலோ என்பது வெறும் 13 லிட்டர் பிளாஸ்டிக். மிச்சம் 564 லிட்டரும் காற்று.

நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் காற்று! மெத்தைகளைச் சுருட்டி, காற்றை உறிஞ்சி, ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடக்கி மின்தூக்கியில் ஏற்றிக் கொண்டுவந்து தருகிறார்களே, அந்த வித்தைக்கு இதுதான் அடிப்படை. பெட்டியைப் பிரித்ததும் மெத்தை மெல்ல எழும்போது உள்ளே போவது நம் வீட்டுக் காற்று. கொடுத்த காசுக்கு வந்தது 13 லிட்டர் பிளாஸ்டிக்தான். ஆளைத் தாங்கப்போவதும், சில ஆண்டுகளில் களைத்துப்போகப்போவதும் அதுதான்.

16 கிலோவை 0.577 கன மீட்டரால் வகுத்தால் 28-ஐ ஒட்டி வரும். ஒரு கன மீட்டருக்கு 28 கிலோ. இதைத்தான் கடைக்காரர்கள் 'டென்சிட்டி' என்கிறார்கள். பாடப்புத்தகத் தமிழில் அடர்த்தி. மெத்தை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் எண் இது. பலரும் கேட்காமல் விடும் எண்ணும் இதுவே.

காற்று எப்படி உள்ளே போனது

பாலியால் என்ற பிசுபிசுப்பான திரவத்தையும் ஐசோசயனேட் என்ற திரவத்தையும் சிறிது தண்ணீருடன் கலக்கிறார்கள். இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பாலியாலும் ஐசோசயனேட்டும் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகி இறுகுகின்றன. ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. புளித்த ஆப்பமாவு பொங்குவதுபோல் கலவை பொங்கி எழுகிறது. எழுந்த உருவத்திலேயே இறுகிவிடுகிறது. ஆப்ப மாவையும் பொங்க வைப்பது அதே கரியமில வாயுதான். அங்கே அதை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன, இங்கே வேதிவினை.

இறுகும் கட்டத்தில் குமிழிகளின் மெல்லிய சுவர்கள் உடைந்து, ஓரங்கள் மட்டும் நுண்ணிய தூண்களாக மிஞ்சும். குமிழிக்குக் குமிழி வழி திறந்துவிடுவதால் காற்று உள்ளே வெளியே போய்வர முடிகிறது. படுத்தால் தூண்கள் வளைகின்றன; எழுந்தால் நிமிர்கின்றன. ஓர் ஆள் தினம் எட்டு மணி நேரம் படுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 மணி நேரம் அந்தத் தூண்கள் வளைந்தே கிடக்கின்றன. அதிலும் இடுப்புக்குக் கீழே உள்ளவைதான் அதிகம். தூண் மெலிந்தால் சீக்கிரம் களைத்துவிடும். அடர்த்தி கூடிய ஃபோமில் தூண்கள் தடிமன். நீடித்து உழைப்பதன் ரகசியம் அவ்வளவே.

கை சொல்வதும் தராசு சொல்வதும்

கையால் அமுக்கும்போது தெரிவது அடர்த்தி ஆகாது. அது விறைப்பு. ஆய்வுக்கூடத்தில் விறைப்பை அளக்க ஒரு வட்டத் தகட்டை ஃபோமுக்குள் குறிப்பிட்ட ஆழம் அழுத்தி, அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். வாங்குபவரின் உள்ளங்கை செய்வது அந்தச் சோதனையின் ஏழைப் பதிப்பு.

வேதிப்பொருள்களின் விகிதத்தை மாற்றினால் எடை குறைந்த ஃபோமையும் விறைப்பாக்கலாம். கனத்த ஃபோமையும் மெத்தென்று ஆக்கலாம். மலிவான மெத்தை கடையில் 'கல்லு மாதிரி' இருப்பதும், ஒரு வருடத்தில் தொய்வதும் இதனால்தான். கல்லு மாதிரி இருப்பது நெடுங்காலம் உழைக்கும் என்பது நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓடும் நம்பிக்கை. கோரைப்பாய்க்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் அது பொருந்தியிருக்கலாம். ஃபோமுக்குப் பொருந்தாது.

சாதாரண பாலியூரித்தேன் ஃபோமில் அடர்த்தி 24-க்குக் கீழே போனால் விருந்தினர் அறைக்கு வைத்துக்கொள்ளலாம். தினமும் பெரியவர்கள் படுக்க 30-ஐ ஒட்டியாவது வேண்டும். ஆள் கனமென்றால் 35, 40. மேலே சொன்ன தம்பதியின் 28 நடுவாந்தரம். இருவரில் ஒருவர் 60 கிலோ, மற்றவர் 90 கிலோ என்றால் பள்ளம் முதலில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தேவையில்லை. தலைமாடு கால்மாடாக அவ்வப்போது திருப்பிப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

தராசையும் ஏமாற்றலாம். சுண்ணாம்புத் தூளைக் கலந்தால் ஃபோமின் எடை கூடும், அடர்த்தி எண்ணும் கூடும். தூண்களின் பலம் கூடாது. அப்படிப்பட்ட ஃபோம் சுலபமாகக் கிழியும். கனமாக இருந்தும் அமுக்கிவிட்டால் துள்ளி எழாத ஃபோமைச் சந்தேகப்படலாம். ஐரோப்பாவில் மெத்தைகளுக்கென்றே ஒரு சோதனை உண்டு: ஏறத்தாழ 140 கிலோ எடைக்குச் சமமான உருளையை மெத்தையின் குறுக்கே 30,000 தடவை உருட்டி, உயரமும் விறைப்பும் எவ்வளவு குறைந்தன என்று அளப்பார்கள். அந்தச் சோதனையின் எண் இஎன் 1957. விற்பனைத் தாளில் அது இருந்தால் முடிவு என்னவென்றும் கேட்கலாம்.

கடையில் 24 டிகிரி, அறையில் 29

மெமரி ஃபோம் என்று விற்கப்படுவதும் பாலியூரித்தேன்தான். 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது. விமான இருக்கையில் இருப்பவருக்கு அதிர்ச்சி குறைய வேண்டும் என்பது நோக்கம். படுக்கைக்கு அது வந்தது பிற்பாடு.

இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் குளிரில் மரத்துக் கிடக்கும். சூடு ஏறினால் இளகும். எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் இப்படி ஓர் 'இளகு வெப்பம்' உண்டு. மெமரி ஃபோமின் தனித்தன்மை, அந்த வெப்பம் அறை வெப்பத்தை ஒட்டியே அமைவது. உடல் சூடு பட்ட இடம் மட்டும் இளகி, தோளுக்கும் இடுப்புக்கும் அச்சுப்போல் குழிந்து கொடுக்கிறது.

சுவீடனிலோ கனடாவிலோ இதில் சிக்கல் இல்லை. கிளமெண்டியில் இருக்கிறது. கடைத்தொகுதியில் 24 டிகிரியை ஒட்டிய குளிர். வீட்டில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், பகல் முழுக்க வெயில் குடித்த சுவர்களுக்கு நடுவே, நள்ளிரவிலும் 29 டிகிரி இருக்கலாம். ஐந்து டிகிரி வித்தியாசத்தில் அதே ஃபோம் வேறொரு பொருளாகிவிடுகிறது. கடையில் கெட்டியாக இருந்தது வீட்டில் ஆளை விழுங்குகிறது. உடலோடு ஒட்டிக்கொள்வதால் வியர்க்கவும் வைக்கிறது. ஏர்கான் போட்டே தூங்குபவர்களுக்குக் கதை தலைகீழ்: குளிர்ந்த அறையில் படுத்ததும் பலகை, அரைமணி கழித்துத்தான் மெத்தை.

ஏர்கான் இல்லாமல் தூங்குபவருக்குத் தடித்த மெமரி ஃபோம் வேண்டாம் என்பதே இந்த நூலாசிரியரின் கட்சி. ஆசைக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலடுக்கு போதும்.

பால்மரத்துப் படுக்கை

லேட்டெக்ஸ் மெத்தைக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் இங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை நச்சரித்ததால் அவருக்கு 'கிறுக்கு ரிட்லி' என்றே பெயர். அந்தப் பூங்கா கிளமெண்டியிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். பிறகு மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்பதை இந்தப் பக்க வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாலை நுரைக்க வைக்கலாம் என்பது 1929-இல்தான் தெரிந்தது. பர்மிங்ஹாமில் டன்லப் ஆய்வுக்கூடத்தில் இ. ஏ. மர்ஃபி, சமையலறைக் கலக்கி ஒன்றால் ரப்பர் பாலை நுரை வரக் கடைந்தார். அந்த நுரையை அச்சில் ஊற்றி உறையவைத்து, நீராவியில் பதப்படுத்தியதே லேட்டெக்ஸ் மெத்தை. இன்றும் 'டன்லப் முறை' என்ற பெயர் வழங்குகிறது. நுரை வந்ததும் உறைகுளிரில் நிறுத்திவிடும் இன்னொரு முறைக்கு 'டாலாலே' என்று பெயர். அதில் நுரை மேலும் கீழும் ஒரே சீராக இருக்கும், விலையும் ஏறும்.

லேட்டெக்ஸின் அடர்த்தி பொதுவாக 65 முதல் 85 வரை. தம்பதியின் அதே அளவு மெத்தையை லேட்டெக்ஸில் செய்தால் 40 கிலோவைத் தாண்டும். விரிப்பு மாற்ற அதைத் தூக்குகிறவருக்கு இது அற்பச் செய்தியில்லை. ஆனால் நுரையின் தூண்கள் தடிமன், ரப்பரின் துள்ளல் இயல்பு. கையை எடுத்ததும் மேலே வந்துவிடும். 24 டிகிரிக்கும் 29 டிகிரிக்கும் அது பெரிதாக மாறுவதில்லை. இந்த ஊர் வெப்பத்துக்கு, கையில் காசிருந்தால், நல்ல தேர்வு. 'இயற்கை லேட்டெக்ஸ்' என்ற சீட்டு ஒட்டியிருந்தாலும், செயற்கை ரப்பர் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்த பழக்கத்தில் லேட்டெக்ஸையும் வெயிலில் காயப்போடுபவர்கள் உண்டு. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் ரப்பர் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். மஞ்சளாகி, மேல்பரப்பு பொடிந்து போகும். லேட்டெக்ஸுக்கு நிழலும் காற்றும் போதும்.

ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது

முதலில் விட்ட புதிருக்கு வரலாம். ஸ்பிரிங் மெத்தையில் எஃகுச் சுருள்கள் சட்டென்று கெடுவதில்லை. பழைய வகையில் சுருள்கள் ஒன்றோடொன்று கம்பியால் பிணைந்திருக்கும். ஒருவர் புரண்டால் அடுத்தவருக்கு ஆட்டம். கனடாவின் ஜேம்ஸ் மார்ஷல் 1900 வாக்கில் ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் வைத்தார். இன்றைய 'பாக்கெட் ஸ்பிரிங்' அதன் வாரிசு. விளம்பரத்தில் சுருள்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஓடும். அந்த எண்ணைவிட முக்கியமானது சுருள்களுக்கு மேலே ஒட்டியிருக்கும் நாலைந்து செ.மீ. ஃபோம்.

பள்ளம் விழுவது அந்த ஃபோமில்தான். எஃகுக்குப் பத்தாண்டு உழைப்பு. மேலே உள்ள மலிவு ஃபோமுக்கு இரண்டாண்டு. வாரண்டித் தாளின் பொடி எழுத்துகளைப் படித்தால், ஆள் படுக்காத நிலையில் பள்ளம் இத்தனை செ.மீ. இருந்தால்தான் குறையாகக் கணக்கு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். ஃபோம் தொய்ந்திருந்தாலும் ஆள் எழுந்ததும் ஓரளவு மேலே வந்துவிடும், அளவுகோலுக்கு அகப்படாது. ஆகவே ஸ்பிரிங் மெத்தை வாங்கும்போதும் கேள்வி அதேதான்: மேலடுக்கின் அடர்த்தி என்ன?

தேங்காய் நார் மெத்தை தனி ரகம். பொள்ளாச்சி, ஆலப்புழைப் பக்கத்து நாரில் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திச் செய்வது. நாரில் மரத்தைக் கெட்டிப்படுத்தும் லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்காது; காற்றும் நன்றாகப் போய்வரும். விறைப்பு பிடித்தவர்களுக்கு ஏற்றது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சோ உள்ளே கூடான, மெழுகு பூசிய இழை. குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் தூண் எதுவும் இல்லாததால் சீக்கிரம் படிந்துவிடும். ஆண்டுக்காண்டு பிரித்து அடித்துத் தைக்க ஆள் இருந்த காலத்துப் படுக்கை அது.

விடியற்காலை 90 விழுக்காடு

சிங்கப்பூரில் மழையில்லாத நாளின் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். சூரியன் உதிக்குமுன் அது 90-ஐத் தாண்டும். அதாவது, மனிதர் படுத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் காற்று நனைகிறது. போதாக்குறைக்கு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடல் ஒரு நாளைக்குச் சுமார் 800 மி.லி. நீரை நமக்குத் தெரியாமலே வெளிவிடுகிறது. எட்டு மணித் தூக்கத்தில் கால் லிட்டர். வியர்வை இதற்கு மேல். இதில் ஒரு பங்கு மெத்தைக்குள் இறங்குகிறது.

இந்த ஊரில் பலருக்கும் ஓர் அனுபவம் இருக்கும்: அலமாரியில் பத்திரமாக வைத்த விளையாட்டுக் காலணியை ஓராண்டு கழித்து எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் கேக்குத் துண்டாக உதிர்வது. அதுவும் பாலியூரித்தேன்தான். அதில் ஒரு வகையை ஈரமே அரித்துத் தின்றுவிடும். மெத்தைக்குப் பொதுவாக வேறு வகைப் பாலியால் பயன்படுவதால் அந்தக் கதி வராது. ஆனாலும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அழுத்தத்தில் வளைந்த தூண்கள் முழுதாக நிமிர மறுக்கும். ஒரே ஃபோம் இங்கே கொஞ்சம் முன்னதாகவே தொய்ந்தால் வியப்பில்லை.

இடம் போதாத வீடுகளில் 'ஸ்டோரேஜ்' கட்டில் இப்போது வழக்கம். கட்டிலுக்கு அடியில் மூடிய பெட்டி. மெத்தை கிடப்பது முழுப் பலகை மேல். அடிப்பக்கத்தில் காற்றுக்கு வழியே இல்லை. மாதக்கணக்கில் தூக்கிப் பார்க்காவிட்டால் கீழ்த்துணியில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படரும். தரையில் நேராகப் போட்டாலும் இதே கதி. இடைவெளி விட்ட மரச்சட்டங்கள் நல்லது. இடைவெளி ஏழெட்டு செ.மீ.க்கு மேல் போனால் ஃபோம் அதற்குள் பிதுங்கும்.

ஈரத்தை விரும்பி வரும் குடித்தனக்காரர்களும் உண்டு. தூசிப்பூச்சி எனப்படுவது கால் மில்லிமீட்டரை ஒட்டிய எட்டுக்கால் பிராணி. நம் தோல் செதில்தான் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்து இறங்கினால் வறண்டு செத்துவிடும். சிங்கப்பூரில் அப்படி இறங்குவதே அபூர்வம். இங்கு அதிகம் தென்படும் இனங்களில் ஒன்று 'ப்ளோமியா டிராபிகாலிஸ்'. பெயரிலேயே வெப்பமண்டலம் இருக்கிறது. லேட்டெக்ஸில் பூச்சி வராது என்ற விற்பனைப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்: பூச்சி குடியிருக்கும் உறையும் விரிப்பும் எல்லா மெத்தைக்கும் பொது. விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும், நெருக்கமாக நெய்த முழு உறை போடுவதும் பலன் தரும்.

முதுகுவலிக்கு எது

"முதுகுவலியா, தரையில் படு" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் வைத்தியம். ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கொவாக்ஸ் குழுவினர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விறைப்பான மெத்தை, மறுபாதிக்கு நடுத்தர விறைப்பு. 90 நாள் கழித்துப் பார்த்தால், நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. முடிவு 2003-இல் 'லான்செட்' இதழில் வெளியானது.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் அகலம், இடை குறுகல். பலகையில் தோளும் இடுப்பும் மட்டும் படும், இடை அந்தரத்தில் தொங்கும். மிக மெத்தென்றால் இடுப்பு அமிழ்ந்து முதுகெலும்பு வளையும். தோளும் இடுப்பும் சற்று இறங்கி, இடையும் தாங்கப்படும் நிலையே தேவை. 'ஆர்த்தோபீடிக்' என்று ஒட்டிய சீட்டு விற்பனைச் சொல். மருத்துவச் சான்று ஆகாது. கடையில் மல்லாந்து ஒரு நிமிடம் படுப்பதைவிட, வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே ஒருக்களித்துப் பத்து நிமிடம் படுங்கள். கூட வந்தவர் பின்னால் நின்று, முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு சட்டச் செய்தி. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள 'லெமன்' சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். விற்பவர் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்துப்போகாததும் குறைதான். ஆனால் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கிடையாது. ஆகவே பணம் கொடுக்குமுன், ஒவ்வொரு அடுக்கும் எந்தப் பொருள், எத்தனை செ.மீ., என்ன அடர்த்தி என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் மெத்தை வாங்காதீர்கள்.